சூசையப்பர் வித்தியாலயத்தின் முதல் ஆட்டம்

ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் ஆறு இருந்தன. ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குத்தான் கல்லூரி என்று பெயர். கட்டடங்கள் ஊரில், பழைய மாணவர் சங்கங்கள் இங்கே. ஒவ்வொரு ஆனியிலும் அந்த ஆறும் ஒரு கிண்ணத்துக்காகப் பந்தடித்து, பந்தடித்ததைவிட அதிகமாக வாயடித்து, கடைசியில் ஒன்றாக இருந்து கொத்துரொட்டி தின்றுவிட்டுக் கலையும். கல்லூரியில் படித்தவர் ஆடலாம், படித்தவரின் பிள்ளையும் ஆடலாம். ஆள் குறைந்தால், கிண்ணத்தில் இல்லாத பள்ளிக்கூடத்து ஆட்களை இரவல் வாங்கலாம்.

பிலேந்திரன் அப்படி இரவல் போனவர். மூதூருக்கு அங்கால் கிழக்குக் கடற்கரையோரம் இருந்த சூசையப்பர் வித்தியாலயத்தில் படித்தவர். அதற்கு ஒஸ்லோவில் யார் சங்கம் வைப்பது? ஞானோதயாக் கல்லூரிக்குக் கோல் காக்க ஒருவர் தேவைப்பட்டபோது அதன் தலைவர் சிவகுரு வந்து கேட்டார். இவரும் போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். மகன் சிந்துஜன் வளர்ந்ததும் அவனையும் அதே அணிக்கே கொடுத்தார். இங்கே இருந்த அவருடைய ஊர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆளுக்கொரு கல்லூரிக்கு இரவல் போய், அவர்களுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2006இல் அந்தப் பக்கம் சண்டை மூண்டது. ஊர்ச்சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வித்தியாலயம் இடிந்துவிட்டது, அந்த இடத்துக்கு இனி ஆரையும் விடமாட்டார்கள் என்று தொலைபேசியில் கேட்ட அன்று பிலேந்திரன் ஒன்றும் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரை இனி எங்காவது ஒருவர் உரக்கக் கூப்பிடக் கேட்க வேண்டுமென்றால், அதற்கு இந்தக் கிண்ணத்தை விட்டால் வேறு இடம் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவெடுத்தார்.

அடுத்த பங்குனியில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஒரு நிலவறை மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. விசயத்தை எடுத்ததுமே முன்வரிசையில் ஒருவர், "இது கல்லூரியளின்ரை கிண்ணம். வித்தியாலயத்தைச் சேர்த்தால் நாளைக்குப் பாலர் பாடசாலையும் கொடியோடை வந்து நிக்கும்" என்றார். சபை சிரித்தது. பிலேந்திரனும் சிரித்தார். சிரிக்காமல் விட்டால் தொட்டாச்சுருங்கி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். பிறகு எழும்பினார்.

"எங்கட பள்ளிக்கூடம் இப்ப அங்க இல்ல. பேரையாவது இஞ்ச ஒருக்கா மைக்கில கூப்பிடுங்க. நாங்க தோத்துத்தான் போவம், அது பரவாயில்ல."

அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்தது. சிவகுரு எழுந்து, "சேர்ப்பம். ஆர், எங்கடை பிலேந்திரன்தானே" என்றார். ஒவ்வொரு கல்லூரியாகக் கை உயர்ந்தது. பிலேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னுமொரு சின்ன விசயம்" என்றார் சிவகுரு. "ஒருக்கா ஒரு பள்ளிக்கு ஆடினவர் பிறகு மற்றதுக்கு மாறி ஆடக் கூடாது. இல்லாட்டிப் பெடியள் வருசத்துக்கொரு சட்டை மாத்துவாங்கள். இதை நான் முன்மொழியிறன். புது அங்கத்தவர் நீர், நீரே வழிமொழியும். முதல் மரியாதை உமக்குத்தான்."

நம்முடைய ஆட்களுக்குக் கூட்டம் என்றால் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். அது இல்லாமல் தேத்தண்ணீர்கூட ஊற்றமாட்டார்கள். அந்த மரியாதை இத்தனை வருசத்தில் பிலேந்திரனுக்குக் கிடைத்ததே இல்லை. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்து, "வழிமொழிகிறேன்" என்று செந்தமிழில் சொன்னார். கைதட்டு விழுந்தது. அந்த மனுசன் உச்சி குளிர்ந்து போனார்.

ஹவுகெட்டோவில் இருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி யோசெப்பினிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் கேட்டுவிட்டு, "நல்லம். அப்ப நம்மட பள்ளிக்கு ஆரு ஆடுற?" என்றாள்.

ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். நினைத்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கல்லூரியின் சட்டையோடுதான் கண்ணுக்குள் வந்தார்கள். கடைசியில் தானும் வந்தார், ஞானோதயாச் சட்டையோடு.

உடனே சிவகுருவுக்குத் தொலைபேசி அடித்தார்.

"அண்ணன், அந்த விதியை ஒரு வருசம் தள்ளி வைக்க ஏலாதா?"

"சபை ஏற்ற விசயமல்லோ. அதோடை நீர்தானே வழிமொழிஞ்சனீர்."

"சிந்துஜனையாவது விடுங்க."

"அவனை விட்டால் எங்களுக்கு ஆர் கோல் அடிக்கிறது?"

சூது இல்லாத குரலில்தான் கேட்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று பிலேந்திரன் பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். தெரிந்துதான் என்ன கிழிக்க முடியும்? யாருக்கும் ஆடாத ஊர்க்காரர்களைத் தேடி வீடு வீடாகப் போனார். ஒருவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை, இன்னொருவருக்கு முழங்கால் மடங்காது. மிச்சம் இருந்த பிள்ளைகள் நோர்வேக்காரரின் கிளப்புகளில் ஆடுகிறவர்கள். "அங்கிள், எங்களுக்கு அண்டைக்கு ட்ரேனிங் இருக்கு" என்றார்கள். பார்த்தே இராத ஒரு பள்ளிக்கூடத்துக்காக அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

மைதானத்தில் ஆள் இறக்காத அணிக்கு விதி பழையது. எதிரணி வெறும் கோலுக்குள் பந்தை அடித்து வெற்றியை எடுக்கும். வராத பள்ளி அன்றோடு கிண்ணத்திலிருந்து நீங்கும்.

ஆனியில் மைதானத்தில் ஏழாவது கம்பத்தில் வித்தியாலயக் கொடி ஏறியது. நீலத்தில் வெள்ளை லில்லிப்பூ. யோசெப்பின் தன் நினைவிலிருந்து தைத்தது. முதல் ஆட்டமே ஞானோதயாவுக்கும் சூசையப்பருக்கும் என்று சீட்டு விழுந்திருந்தது. வீட்டில் கிடக்கத்தான் பிலேந்திரன் நினைத்தார். கிடந்தால் பெயரைக் கூப்பிடுவது காதில் விழாதே என்று, ஞானோதயாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கோலில் நின்றார்.

மைக்கில் கூப்பிட்டார்கள். "சூசையப்பர் வித்தியாலயம்!" எதிர்ப்பக்கம் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் கேட்கக் கேட்க அவருக்கு ஆசையாகவும் அவமானமாகவும் இருந்தது. நடுவர் விசில் ஊதினார்.

பந்து சிந்துஜனின் காலடியில் இருந்தது. அவன் திரும்பித் தகப்பனிடம் ஓடிவந்தான்.

"அப்பா, நான் அடிக்க மாட்டன். வேறை ஆரும் அடிக்கட்டும்."

"வேற ஆரும் அடிச்சா எனக்கு இன்னும் நோகும். நீயே அடி மனே."

அவன் போனான். ஒருவரும் மறிக்காத பாதி மைதானத்தில் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்தான். கோலுக்குக் கிட்டப் போய் நின்று, மெதுவாக உள்ளே தட்டிவிட்டான். வலைகூட அசையவில்லை. "ஞானோதயா ஒன்று, சூசையப்பர் பூச்சியம்" என்றது மைக். சனம் வழக்கம்போலக் கைதட்டியது.

கொடி இறங்கியது. யோசெப்பின் அதை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சிவகுரு வந்து பிலேந்திரனின் தோளில் தட்டினார். "அடுத்தது பலமான ரீம். கவனமாய் நில்லும்."

"ஓம் அண்ணன்" என்றார் பிலேந்திரன். கையுறையை இறுக்கிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார்.