முந்திக்கொண்ட பேனா

நாற்பத்தொன்பது வயதில் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. பட்டம் இல்லாதவனுக்கு உதவி ஆய்வாளர் பதவி கிடையாது என்று எங்கள் துறையில் புதிதாக ஒரு விதி வந்துவிட்டது. நான் இருபத்திரண்டு வருடமாகக் காவல் நிலையத்தில் ரைட்டர். புகார், வாக்குமூலம், நாட்குறிப்பு என்று எதுவானாலும் என் கையால்தான் எழுத வேண்டும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சனிக்கிழமை காலையில் குற்றவியல் நீதி வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி டிபன் பாக்ஸை நீட்டி, "பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து எழுதாதீங்க" என்பாள்.

வகுப்பில் மற்ற முப்பது பேருக்கும் என் மகள் வயது. என்னை 'ரைட்டர் சார்' என்பார்கள். என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குப் பட்டப்பெயர் கேள்விக்குறி. எதையும் மூன்று தடவை கேட்காமல் விடமாட்டாள். என் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதும் அவள்தான். அடித்துக்கொண்டே, "இது ஏன் சார், அது ஏன் சார்" என்று என் உயிரை வாங்குவாள்.

அன்றைக்குப் பேராசிரியை நாலு பக்கத் தட்டச்சுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் ஏழைகளுக்கு வழக்கு நடத்தித் தரும் சட்ட உதவி மையத்தை நடத்துவதும் அவர்தான்.

"இது நிஜமான வாக்குமூலம். பேர், ஊர், தேதி எல்லாத்தையும் மறைச்சிருக்கேன். திருடப் போன வீட்டுல ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டதுல, அவர் இறந்துட்டாராம். குற்றவாளியே ஒத்துக்கிட்டதா இதுல இருக்கு. ஒன்பது வருஷமா அவர் ஜெயில்ல இருக்கார். காலைல பதினொன்னு பத்துக்கு ஆரம்பிச்சு பதினொன்னரைக்கு எழுதி முடிச்சதா போட்டிருக்கு. இருபது நிமிஷத்துல முடியுமான்னு பாத்துடலாம். ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் எழுதணும்."

"ரைட்டர் சார் இருக்கும்போது வேற யாரு?" என்று பின்வரிசையில் குரல் வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். பிரதி கேள்விக்குறியின் கையில் போனது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு கூலி வேலை செய்து வருகிறேன்" என்று அவள் ஆரம்பித்ததுமே வகுப்பு சிரித்தது. எந்தக் கூலிக்காரன் 'மேற்படி' என்று பேசுவான்? நானும் சிரித்தேன். "எல்லா ஸ்டேஷன்லயும் இப்படித்தான்மா" என்றேன். அந்த வரியை நானே ஆயிரம் முறை எழுதியிருப்பேன்.

இரண்டாவது பக்கத்தின் கடைசியில், "பின்பக்கக் கதவருகே சென்று நின்றேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். என் பேனா நிற்கவில்லை. 'மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளை நெம்பினேன்' என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டது. அவள் பக்கத்தைத் திருப்பி அதே வரியை வாசித்தாள். என் தாளைப் பார்த்தாள்.

"சார், இதை நான் இப்பதானே சொல்றேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த வரி என்னுடையது. கோர்ட் மூடுவதற்குள் காகிதம் போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்திய ஒரு நாள். பிடித்துவந்த ஆள் பக்கத்து அறையில் இருந்தான். வேறு வழக்கின் பழைய வாக்குமூலம் ஒன்றை மாதிரியாக முன்னால் வைத்துக்கொண்டு, அவனை அழைத்து வருவதற்கு முன்பே நான் முழுவதையும் எழுதிவிட்டேன். சும்மா இருக்கக் கூடாதா? அழகுக்காக அந்த மழையையும் சேர்த்தேன். "யோவ், கூடவே நின்னு பாத்த மாதிரி எழுதியிருக்கய்யா" என்று இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினார். அந்தப் பெருமையை வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

"அந்த மழை வரியைக் கவனிங்க" என்றார் பேராசிரியை. "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது சாட்சியம் ஆகாதுன்னு சட்டம் இருந்தும், அங்க இருந்தவனைத் தவிர வேற யாருக்கும் இது தெரிஞ்சிருக்காதுன்னு தீர்ப்புல எழுதியிருக்காங்க. அவரை உள்ள தள்ளினதே அந்த வரிதான்."

மீதி இரண்டு பக்கத்தையும் எப்படி எழுதினேன் என்று தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, வேண்டுமென்றே ஒரு சொல் பின்தங்கியே எழுதினேன். ஐம்பத்துநாலு நிமிடம். "சாருக்கே இவ்வளவு நேரம்னா, இருபது நிமிஷம்ங்கறது சுத்தப் பொய்" என்று வகுப்பே எனக்காகக் கைதட்டியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேள்விக்குறி என் தாள்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"அவர்தான் செஞ்சாரா?"

"தெரியாது."

இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

சொன்னால் பதவி உயர்வு போய்விடும். வேலையும் போகலாம், வழக்கும் வரலாம். வாசல்வரை போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறாமல் நின்றதைப் பார்த்துக் கண்டக்டர் முறைத்தார். திரும்பி நடந்தேன்.

சட்ட உதவி மையத்தில் பேராசிரியை தனியாக இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"உங்க கையாலயே எழுதிக் குடுங்க."

உட்கார்ந்தேன். என் பெயர், பதவி, நிலையம், வருடம் வரை சரளமாக வந்தது. 'கீழ்க்கண்ட நபர் பெயரில் நான் எழுதிய வாக்குமூலம் அவர் சொல்லி எழுதியது அல்ல. அவர் பெயர்...' அங்கே நின்றுவிட்டது. அன்று மறுபடி எழுதியதில் நாலு பக்கமும் கமா உட்பட எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஆளின் பெயர் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தக் காகிதத்தில் நான் கற்பனை செய்யாதது அது ஒன்றுதான்.

"பேரு ஞாபகம் இல்லைங்க, மேடம்" என்றேன். என் காது சுட்டது.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவரோட மனைவி வழக்கு விஷயமா வந்து வெளிய பெஞ்சுல இருக்காங்க. நீங்களே கேட்டுக்கோங்க" என்றார்.

மடியில் துணிப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். கணவர் பெயரைக் கேட்டேன். எத்தனையோ அலுவலகங்களில் சொல்லிப் பழகியவள்போல, பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீங்க புது வக்கீலுங்களா?"

"இல்லம்மா. அவர் சொன்னதா அந்த வாக்குமூலத்தை எழுதினவன் நான்."

அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவளோ ஓரடி கிட்டே வந்தாள். அன்று ஸ்டேஷனில் அவள் கணவர் பேசியதை நேரில் கேட்ட ஒருவன் ஒன்பது வருடத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறான்.

"அன்னைக்கு அவரு நிஜமா என்னதான் சொன்னாருங்க?"

"கையெழுத்துக்கு நீட்டினப்ப, என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரும்மா" என்றேன். "நான் படிச்சுக் காட்டல."