கையுறை விழுந்த பிறகு

1.

இந்தக் கதை ஒரு தட்டுக் கோழி இறக்கைக்கு முன்னால் பிறந்தது. நானும் பக்கத்து வீட்டு டக்கும் மதுக்கடையில் உட்கார்ந்து ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தோம். (பனிக்கட்டிமேல் ஆடும் ஹாக்கிதான். வேறு ஹாக்கி இருப்பதாக இந்த நாட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) ஆணை ஆண் காதலிப்பது பற்றி ஏதோ பேச்சு வந்தபோது டக் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம ஆட்டத்துல அந்த மாதிரி ஆளுங்க கிடையாதும்மா. இது ஆம்பளைங்க ஆட்டம்." சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார். நல்ல மனுஷர்தான், பனிக்காலத்தில் என் வாசல் பனியையும் சேர்த்தே வழித்துவிடுபவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

"ஆகஸ்ட் மாதத்து ஏரிக்கரையில் இரண்டு ஆண்கள்..."

வேண்டாம். ஏரி வந்தால் நிலா வரும். நிலா வந்தால் என் கோபம் போய்விடும்.

2.

கார்சன் ஹலுஷ்கா ரெஜைனா அணிக்காரன். ரெமி தெஷென் கியூபெக் அணிக்காரன். (இரண்டு ஊருக்கும் பெரிய லீக்கில் அணி கிடையாது. அதனால்தான் இவர்களுக்கு அந்த ஊர்களைக் கொடுத்தேன். வழக்குப் போட ஆள் வராது.) இருவரும் ஜென்மப் பகையாளிகள் என்று பத்திரிகைகள் எழுதும். சில வருஷம் முன்பு ஓர் ஆட்டத்தில் ரெமி மோதியதில் கார்சனின் தாடை உடைந்தது. வாயைக் கம்பி போட்டுக் கட்டிப் படுத்திருந்தவனிடம் மன்னிப்புக் கேட்க வந்த ரெமி, சூப் வைத்துக் கொடுத்தான். மறுநாளும் வந்தான். காதல் எப்படி வந்தது என்று விரித்து எழுதச் சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படித்தான்.

கோடையில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சிற்றூர் அரங்கில் சேர்ந்து பயிற்சி செய்வார்கள். வட்டை (இந்த ஆட்டத்தில் பந்து இல்லை, ரப்பர் வட்டுதான்) எடுக்கப் போகும்முன் ஒருவனுடைய கால் கவசத்தில் மற்றவன் மட்டையால் மெல்ல இரண்டு தட்டு தட்டுவான். 'நான் இருக்கிறேன், போ' என்று அர்த்தம். சொந்த அணிக்காரனுக்கு மட்டும் செய்வது அது.

யாரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இந்த ஆட்டத்தில் இல்லை. கார்சன் எல்லாருக்கும் ஹலு. ரெமிக்கு மட்டும் கார்சன்.

3.

இவ்வளவையும் ஒரு பத்திரிகை நண்பரிடம் போனில் சொன்னேன்.

"அக்கா, ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பொண்ணாக்கிட்டா என்ன?"

"எதுக்கு?"

"நம்ம ஆளுங்க படிப்பாங்க."

"முதல்ல நீங்க படிங்க."

"சரி, கோச்சுக்காதீங்க. கடைசியில ஒருத்தன் செத்துடட்டும். அப்பதான் கதைக்கு ஒரு கனம் வரும்."

போனை வைத்துவிட்டேன்.*

* இந்த மாதிரிக் கதைகளில் ஒருத்தன் செத்தால்தான் வாசகர் இரக்கப்படுவாராம். இரண்டு பேரும் உயிரோடு இருந்து, பாத்திரம் கழுவுவது யார் முறை என்று சண்டை போட்டால் இரக்கம் வராதாம். என்ன ஜென்மங்களோ!

4.

இப்போது தவறு நடக்க வேண்டும்.

பிளேஆஃப் என்கிற கோப்பைச் சுற்று ஆட்டம், ரெஜைனா அரங்கம். நடுவர் வட்டைப் போடுவதற்காக இரண்டு அணியும் குனிந்து நிற்கிறது. கார்சனுக்குப் பக்கத்தில் ரெமி. கார்சனின் மட்டை தானாக நகர்ந்து ரெமியின் கால் கவசத்தில் மெல்ல இரண்டு தட்டு தட்டியது. கோடைக்காலத்துக் கை. அதற்கு மண்டையைக் கேட்டுச் செய்யத் தெரியாது.

பெரிய திரையில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அரங்கமே சிரித்தது. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்ததும் அணித்தலைவன் டானஹி கேட்டான்:

"என்னடா ஹலு அது?"

"பழக்கதோஷம். நம்ம ஆளுன்னு நெனச்சுட்டேன்."

"எதிரணி வெள்ளைச் சட்டை கண்ணுக்குத் தெரியலையா? இல்ல, புது மாப்பிள்ளைக்கு மரியாதையா?"

பெஞ்சே குலுங்கியது. கார்சனும் சிரித்தான்.

(அந்தச் சிரிப்பை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். அதற்காக அவன்மேல் எனக்கு வெறுப்புக்கூட வந்தது. ஆனால் சிரிக்கத் தெரியாத கார்சன் இத்தனை வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது. என் கோழைத்தனமா, அவனுடையதா என்று தெரியாமல் விட்டுவைத்திருக்கிறேன்.)

பயிற்சியாளர் பின்னாலிருந்து தோளில் கை வைத்தார். "ஊரே சிரிக்குது. போய் அவனை நாலு சாத்து சாத்திட்டு வா. எல்லாம் சரியாயிடும்."

இந்த ஆட்டத்தில் அது நடக்கும். கையுறையை உதறி எறிந்துவிட்டு அடித்துக்கொள்வார்கள், நடுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒருவன் விழுந்தபின் விலக்கிவிட்டு, இருவரையும் கொஞ்ச நேரம் தண்டனைக் கூண்டில் உட்காரவைப்பார்கள். இதற்குப் பெயர் மரபு. தட்டிக்கொடுத்ததுதான் அசிங்கம்.

5.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஜனவரியில் ரெமிக்குத் தலையில் பலத்த அடி. டாக்டரிடம் ஒன்றுமில்லை என்று புளுகிவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறான். விளக்குப் போட்டாலே வாந்தி எடுக்கிறான் என்பது கார்சனுக்கு மட்டும் தெரியும். இன்னொரு குத்து அந்தத் தலையில் விழக்கூடாது.

அதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன்:

"அவனுக்குத் தலையில அடி, கோச். வேணாம்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

அதற்குப் பதில் சொன்னால் இருவர் கதையும் வெளியே வந்துவிடும். கிழித்துப் போட்டேன். கார்சன் வேலியைத் தாண்டிப் பனியில் இறங்கினான்.

6.

ரெமி காத்துக்கொண்டிருந்தான்.

"அனுப்புனாங்களா?"

"ஆமா."

"அப்ப அடி."

"உன் தலை, ரெமி..."

"அடிக்கலைன்னா இன்னைக்கோட உன்னைத் தொலைச்சுடுவானுங்க. எல்லாரும் பாக்குறாங்க. அடி, கார்சன்."

கையுறைகள் விழுந்தன. இருவரும் இடதுகையால் மற்றவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள். அத்தனை பேர் முன்னால் இரண்டு ஆண்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்க அனுமதி இது ஒன்றுக்குத்தான். கார்சன் வலதுகையை ஓங்கினான்.

7.

முடிவு ஒன்று: அடிக்கிறான். ரெமி விழுகிறான், எழுந்திருக்கவில்லை. நண்பர் கேட்ட கனம். தரமாட்டேன்.

முடிவு இரண்டு: கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. அந்த அரங்கத்தை எனக்குத் தெரியும். இது பச்சைப் பொய்.

முடிவு மூன்று: கார்சன் சும்மா கையை வீச, ரெமி தானே விழுந்து தோற்றவனாக நடிக்கிறான். பெஞ்சில் எல்லாரும் கார்சனின் முதுகில் தட்டுகிறார்கள். அவன் திரும்பவும் சிரிக்கிறான். இது நடக்கக்கூடியது. இதை எழுதும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களைக் காப்பாற்ற இவர்களேதான் நடித்துத் தொலைக்க வேண்டுமா?

8.

ஓங்கிய கையோடு நிறுத்துகிறேன். அதை நான் கீழே இறக்கமாட்டேன்.

அரங்கத்தில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். என் பக்கத்து வீட்டு டக் தொண்டை கிழிய 'அடி, அடி' என்று கத்துகிறார். அவருக்கு அடுத்த இருக்கையில் நீங்கள். டிக்கெட் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இவ்வளவு தூரம் படிக்கவைத்து.

ரெமியின் தலையில் என்ன அடி என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். கார்சன் கையை ஓங்கியபடி உங்கள் பக்கம் பார்க்கிறான். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா, எழுந்துவிட்டீர்களா?