கட்டைவிரல் அகலம்

என் தங்கையின் கணவர் கிரேன் ஓட்டுபவர். ஏணியிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது. வலி இரண்டு மாதத்தில் போய்விட்டது. ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அந்தத் தலைக்கே சரியாகத் தெரியாமல் போயிற்று. இன்றைக்குள் தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் நாளை அவர் கிரேனில் வேறொருவர் ஏறிவிடுவார்.

சோதனை கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். நெற்றிப் பட்டையில் லேசர் விளக்கு. சுவரிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளி நாற்காலி. சிவப்புப் புள்ளியைச் சுவரில் ஒட்டிய தாளின் நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, தலையை ஓரமாகத் திருப்பி, நடு என்று தோன்றும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஆறு தடவை அளந்து சராசரி எடுப்பார்கள். ஏழு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கிரேன். தாண்டினால் வீடு.

வீட்டிலும் தினமும் அளந்து நோட்டில் எழுதச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட் அம்மா. "இருபத்தஞ்சு வருஷமா துணி அளக்குறவன் மேடம், எனக்கா சொல்லித்தரணும்?" என்று நானாகப் போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். முதல் வாரக் கடைசியில் நோட்டில் ஆறரை வந்தது. அந்த அம்மாவும் மகிழ்ந்து, கண்மூடிப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தோளுக்கான பயிற்சிக்கு மாற்றினார். அடுத்த வாரமும் அதே ஆறரை.

இன்று அந்த அம்மாவே அளந்தார். எட்டரை. பக்கத்து அறையிலிருந்து இன்னொருவர் வந்து, முதல் அளவைப் பார்க்காமலே அளந்தார். எட்டரை.

"ரெண்டு பேர் தனித்தனியா அளந்தாலும் அதே அளவு வருது சார். இதை நம்பித்தான் ஆகணும்."

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம். எட்டரையும் வேணாம், ஆறரையும் வேணாம். நடுவுல ஏழுன்னு முடிச்சுக்குவோம்."

"இது பேரம் பேசுற சாமான் இல்ல சார். நீங்க வீட்ல எப்படி அளந்தீங்க? காட்டுங்க."

டேப்பை வாங்கினேன். இடது கட்டைவிரலின் ஒரு ஓரம் தாளின் நடுவைத் தொடும்படி அழுத்தி வைத்தேன். விரலின் மறு ஓரத்திலிருந்து டேப்பை ஓடவிட்டேன். கடையில் நாங்கள் அப்படித்தான் அளப்போம். விரலுக்கு அடியில் இருக்கும் துணி கணக்கில் வராது, அது வாடிக்கையாளருக்கு இனாம். கைக்கு அது பழக்கம். என்னைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

அந்த அம்மா என் விரலையே பார்த்தார். பிறகு அதன் அகலத்தை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர்.

"பதினாலு நாளும் ஒரு நாள்கூட மாறாம தப்பா அளந்திருக்கீங்க," என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். "தெரிஞ்சிருந்தா அந்தப் பயிற்சியை நிறுத்தியிருக்க மாட்டேன். இன்னும் ரெண்டு வாரம் வேணும்."

"இன்னைக்குத்தானே மேடம் கடைசி நாள்?"

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழவில்லை. "விடுங்க மச்சான், விரல் நல்ல மனசுலதானே வெச்சீங்க," என்று சிரிக்கப் பார்த்தார். "மேடம், இன்னொரு ஆறு தடவை. இதோட விட்டுர்றேன்."

கண்ணை மூடினார். ஐந்து முறையும் எட்டுக்குக் கீழே வரவில்லை. ஆறாவது முறை மெதுவாகத் திருப்பி, மெதுவாக வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிச்சயம்.

"இப்ப நடுவுலதான் இருக்கேன். எனக்கே தெரியுது. நீங்க அளங்க மச்சான்."

புள்ளி தாளின் ஓரத்தில் கிடந்தது. தலையை ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் நடுவுக்கு வந்துவிடும். டேப்பின் நுனியை மட்டும் நடுவில் வைத்து அளந்தேன்.

"எட்டரை, மாப்ள."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "சரியாப் பாருங்க. இன்னொரு தடவை அளங்க."

அளந்தேன்.