இமை வைத்த மீன்

என் அம்மாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது மந்தம் என்று தெருவில் சொல்வார்கள். மந்தமெல்லாம் இல்லை. அடுத்த வீட்டுச் சமையலறையில் கரண்டி விழுந்தால் அது எந்தக் கரண்டி என்று சொல்லும் காது அது. ஆனாலும் திரும்ப மாட்டாள். ஓடிப்போய் முன்னால் நின்றுதான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எழுபத்தாறு வயதுப் பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளைக் கடலோர நடைபாதைக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல் பாவிய பாதை அது. ஒரு முனையில் பழைய சுங்கக் கட்டடம், மறு முனையில் கலங்கரை விளக்கம், நடுவில் மூக்கு உடைந்த கவர்னர் சிலை. நிலத்துப் பக்கம் ஆளுயர ஜன்னல்கள் வைத்த மாளிகைகள் இருக்கின்றன. பாதியில் அரசு அலுவலகம், பாதியில் புறா. இரண்டுக்கும் வேலை செய்யும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கடல் பக்கம் முழுக்க இடுப்பளவு இரும்புக் கைப்பிடி ஓடுகிறது.

சிலையைத் தாண்டி மூன்றாவது தூணில் அம்மா நிற்பாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தண்ணீரையே பார்ப்பாள். அப்புறம் கலங்கரை விளக்கம் வரை போய், பின்தெரு வழியாக வீட்டுக்கு வருவாள். வந்த வழியே திரும்பி நடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த மூன்றாவது தூணடியில்தான் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்காவின் செருப்பு கிடந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அப்பா கையை ஓங்கினார். "இந்தப் படியைத் தாண்டிப் போனா, அப்புறம் நீ செத்தவதான்" என்றார். அவள் தாண்டிப் போனாள். மறுநாள் காலையில் செருப்பு கிடைத்தது. ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. வார் அறுந்த செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருத்தி வெறுங்காலோடு நடந்து போயிருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பதினோரு நாள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் துறைமுகத்திலிருந்து ஆள் வந்தது. அப்பா பிணவறை வாசல்வரை வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

நான் உள்ளே போனேன். பச்சைப் பாவாடை, அக்காவிடமும் அப்படி ஒன்று உண்டு. முகம் முகமாக இல்லை. அங்கிருந்த ஊழியர் நல்ல மனிதர். "பல்லு கில்லு ஏதாவது அடையாளம் இருக்கா தம்பி? வாயைத் திறந்து காட்டட்டுமா?" என்று கேட்டார். அக்காவுக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். சின்ன வயதில் இதே நடைபாதையில் ஓடி விழுந்து உடைத்துக்கொண்டது. சொல்லியிருக்கலாம். நான் "வேணாம்" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அது அன்றைக்கே முடிந்துவிட வேண்டும் என்றிருந்தது.

வெளியே வந்தேன். "அவதானா?" என்றார் அப்பா.

"அவதான்பா."

அவளை அடக்கம் செய்தோம். கல்லில் அக்காவின் பெயரை வெட்டி வைத்தோம். வீட்டில் அடுப்பு எரிந்தது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அந்தச் சத்தம். நடைபாதையில் எப்போது நடந்தாலும் பத்தடி பின்னால் ஈரக் காலடி கேட்கும். சளக், சளக். நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். அலை தெறிக்கிற சத்தம் என்று சொல்லிக்கொள்வேன். முப்பத்திரண்டு வருடமாக ஒரே அலை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. அம்மாவைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கூலியாகச் சேர்ந்தேன், இப்போது மேஸ்திரி. அலுவலகத்தில் புது அதிகாரி வந்து உட்கார்ந்தால் முதலில் நாற்காலியை மாற்றுவார், அடுத்து கைப்பிடியின் நிறத்தை மாற்றுவார். பழையதைச் சுரண்டிப் போட யாருக்கும் பொறுமை கிடையாது. மேலேயே ஒரு பூச்சு, அதற்கு மேலே ஒரு பூச்சு. மஞ்சள், பச்சை, சாம்பல், நீலம், அரக்கு, வெள்ளை. கம்பி பருத்துக்கொண்டே வந்து இப்போது ஒரு கைக்கு அடங்குவதில்லை.

இந்த வருடம் வந்த இன்ஜினியர் கெட்டிக்காரர். "துரு உள்ளேயிருந்து தின்னுது. அடி இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டுங்க" என்று சொல்லிவிட்டார். சுங்கக் கட்டடத்திலிருந்து தொடங்கினோம். என்னோடு வேலை செய்பவன் பெயர் கட்டையன். ஆறடி உயரம். பெயர் வைத்தவன் குசும்பு பிடித்தவனாக இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மதியம் மூன்றாவது தூணுக்கு வந்தோம். சுரண்டியால் பெரிய பத்தைகளை எடுத்துவிட்டு நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பச்சை தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. மஞ்சளுக்குள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகள் அழியாமல் நின்றன. மஞ்சள் பூச்சில் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள். அந்தக் கீறலுக்குள் அடுத்து அடித்த பச்சை இறங்கி உறைந்திருக்கிறது. பெயர்களும் இதயங்களும் இப்படி நிறைய வரும், தேய்த்துக்கொண்டே போவோம்.

இது மீன். ஒரு பெரிய மீன், ஒட்டினாற்போல் ஒரு சின்ன மீன். இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் இரண்டு கண். கண்ணுக்கு மேலே இமைமயிர், குச்சி குச்சியாக.

என் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டு அறைக்கதவின் பின்பக்கம் முழுக்க இந்த மீன்தான். "மீனுக்கு எதுக்குக்கா இமை?" என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்பேன். "பின்னே அது தூங்க வேணாமா?" என்பாள் அக்கா. உலகத்தில் வேறு யாரும் மீனுக்கு இமை வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த மஞ்சள் யார் அடித்தது என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்து அடித்த முதல் பூச்சு அது. ஊரே கண் கூசுகிறது என்று சண்டை போட்டு, இரண்டு வருடம் முடிவதற்குள் பச்சை அடிக்க வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் மஞ்சள் கிடையாது. அக்காவை அடக்கம் செய்து மூன்று வருடம் கழித்து, என் கையால் அடித்த மஞ்சள். அதில் அக்காவின் மீன்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றான் கட்டையன்.

"இந்த இடத்தை விட்டுடு. அடுத்த தூணுக்குப் போ."

"ரெண்டு தேய் தேய்ச்சா முடிஞ்சுதே. நான் வேணா..."

"கையை வெச்சே, வெட்டிடுவேன்" என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. முகம் சுண்டிப்போய் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

ஒரு சாக்கை எடுத்து அந்த இடத்தின்மேல் போட்டேன். போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். வந்து இங்கே நின்றிருக்கிறாள். சின்ன மீன் யார் என்று கேட்கவே வேண்டாம். இதை அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால், முப்பத்திரண்டு வருடமாக அவள் அழுதது அத்தனையும் என்னுடைய ஒரே ஒரு "அவதான்பா"வினால் என்று தெரிந்துபோகும். மறைத்தால், பெற்றவளிடமிருந்து பிள்ளையை இரண்டாம் முறை பறித்தவன் ஆவேன். சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். கிழவி நிம்மதியாகக் கண்ணை மூடட்டும். நாளைக் காலையில் முதல் வேலையாக நானே தேய்த்துவிட்டு பிரைமர் அடித்துவிடுவது. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

நான் கூப்பிடப் போகாததால் ஐந்து மணிக்கு அம்மா தானாகவே வந்தாள். வேலை நடக்கிற இடம் என்று கயிறு கட்டியிருந்தோம். அவள் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். மூன்றாவது தூணில் நின்று கம்பியில் கை வைக்கப் போனவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். சாக்குக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் தெரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கலர் இருந்தப்பதான்டா அவ வந்தா" என்றாள்.

"யாரும்மா?"

"உங்க அக்காதான். வேற யாரு?"

அம்மா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இதே நேரம், இதே இடம். இடுப்புல ஒரு குழந்தை. கம்பியில என்னவோ கிறுக்கிட்டு நின்னா. என்னைப் பாத்ததும் சிரிச்சா. அந்தப் பாதிப் பல்லு தெரிஞ்சுது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சுடா. செத்தவங்க கூப்பிட்டா திரும்பக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அவளைத் தாண்டி நடந்துட்டேன். பின்னாலேயே 'அம்மா'ன்னா. ரெண்டு தரம் கூப்பிட்டா. அப்புறம் 'நான்தாம்மா'ன்னா. நான் திரும்பவே இல்ல. பின்தெரு வழியா ஓடி வந்துட்டேன்."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? பெத்த பொண்ணைப் பாத்து பயந்துட்டேன்னா? மறுநாள்லேருந்து தினம் வரேன். இன்னொரு தரம் வருவாளான்னு. பேயாவே வரட்டுமே. ஆனா வேற யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். அவளுக்குத் திரும்பாத கழுத்து மத்தவங்களுக்கு எதுக்குத் திரும்பணும்?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"செத்தவளுக்கு ஏது கைக்குழந்தைன்னு படுத்தா தோணும். உடனே, நீ பாத்துட்டு வந்து சொன்னது ஞாபகம் வரும். பாக்காம சொல்லுவியா நீ? என் கண்ணை நம்புறதா, உன் வாயை நம்புறதான்னு வந்தப்ப, உன் வாயைத்தான்டா நம்பினேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் சரியா பாக்கலம்மா" என்றேன். "பல்லைக் காட்டட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

சாக்கை இழுத்துப் போட்டேன். அம்மா குனிந்து பார்த்தாள். பெரிய மீனை விரலால் தடவினாள். அப்புறம் சின்னதை.

"குழந்தைக்கும் இமை வெச்சிருக்கா" என்றாள்.

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. தான் திரும்பாமல் போனதைப் பார்த்து, அம்மாவும் தலைமுழுகிவிட்டாள் என்றுதானே அக்கா நினைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஐம்பத்தொரு வயது ஆள், நடைபாதையில், நாலு பேர் பார்க்க.

பிறகு அம்மா என் பக்கம் பார்த்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணு யாருடா?"

"எந்தப் பொண்ணு?"

"நாம அடக்கம் பண்ணினோமே, அவ. என் பொண்ணு பேரைப் போட்டு மண்ணுக்குள்ள வெச்சோமே. அவளைப் பெத்தவ எந்தக் கரையில நின்னு தேடிட்டிருந்தாளோ. அது யாருன்னு நீ பாக்கலையா?"

பச்சைப் பாவாடை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"இந்த இடத்துல பெயிண்ட் அடிக்காதே" என்றாள்.

"இன்ஜினியர் கத்துவாரும்மா."

"கத்தட்டும். அவ திரும்பி வந்தா பாக்க வேணாமா? உன்னை என்ன செய்யுறதுன்னு நான் அப்புறம் பாத்துக்கறேன். இப்ப வீட்டுக்கு வா."

கை கொடுக்கப் போனேன். தட்டிவிட்டாள். கலங்கரை விளக்கத்துப் பக்கம் போகவில்லை. வந்த வழியிலேயே, சுங்கக் கட்டடத்தை நோக்கி, தனியாக விறுவிறுவென்று நடந்தாள். நான் பத்தடி விட்டுப் பின்னால் போனேன். வெயில் மாளிகை ஜன்னல்களில் கடைசியாகப் பட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிலையைத் தாண்டும்போது கேட்டது. சளக், சளக்.

நின்றேன். அதுவும் நின்றது. இத்தனை வருடமாக அந்தப் பச்சைப் பாவாடைக்காரி என்னைப் பயமுறுத்த வரவில்லை, தான் யாரென்று சொல்ல வந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஒருத்தியின் பெயரைச் சுமந்துகொண்டு எத்தனை காலம்தான் பின்னாலேயே நடப்பாள்?

திரும்பினேன். யாரும் இல்லை. கருங்கல் மட்டும் ஓரிடத்தில் நனைந்திருந்தது.

"நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

அலை அடித்து ஓய்ந்தது. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா நடையை நிறுத்தி, முழுசாகத் திரும்பி நின்றிருந்தாள்.

"என்ன சொல்றாடா?" என்று கேட்டாள்.