மெல்லிய நெருப்பில் பன்னிரண்டு நிமிடம்

கெலிஓயாவில் சுதர்சினி டீச்சரின் இஞ்சித் தண்ணி பெயர் போனது. ஊர் முழுக்க இல்லை, அடுத்தடுத்த நாலு வீட்டில்தான். ஒரு மனுஷி தலை கனத்துத் திரிய நாலு வீட்டுப் பெயர் போதாதா?

அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. இஞ்சியை நசுக்கி, சீனியும் நாலு கராம்பும் போட்டு, கேஸ் அடுப்பைக் குறைக்கக்கூடிய மட்டும் குறைத்து, ஒரு மணித்தியாலம் அப்படியே விட வேண்டும். கொதி வந்தால் காறல் வந்துவிடும். தண்ணீர் கொதிக்கவும் கூடாது, சும்மா கிடக்கவும் கூடாது. ஆறிய பிறகு தேசிக்காய்ப் புளி. பொறுமை மட்டும்தான் சாமான்.

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு ரபீகா தினமும் பின்னேரம் தூக்குச்சட்டியில் கஞ்சி தருவாள். பதிலுக்கு மாதத்தில் ஒருநாள் அந்த வீட்டார் நோன்பு திறக்க சுதர்சினியின் இஞ்சித் தண்ணி போகும். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. இந்த முறை ரபீகாவே நாளைக் குறித்தாள். "வியாழக்கிழமை எங்கட ஆக்கள் பதினஞ்சு பேர் வாராங்க டீச்சர். நீங்க தாரதத்தான் முதல்ல வைக்கப் போறேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை பார்த்து தெல்தோட்டை பஸ் நடு வழியில் நின்றது. படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து சுதர்சினி வீடு வந்து சேர ஐந்தரை. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதற்குள் எதை வேகவைப்பது, எதை ஆறவைப்பது?

போய் "ராத்தா, இன்றைக்கு முடியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ரபீகா ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் பெயர் இருக்கிறதே, பெயர்! அது சும்மா இருக்க விடுமா?

மாடிப்படிக்குக் கீழே நிரஞ்சனின் போத்தல்கள் நின்றன. அவள் புருஷனுக்குப் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த கிறுக்கு அது. இஞ்சிச் சாற்றில் சீனியும் ஈஸ்டும் போட்டு, இறுக்கி மூடி, ஒன்பது நாள் இருட்டில் வைப்பான். மூடியைத் திறந்தால் சீறும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, மடுல்கெல்லயில் இருக்கும் அண்ணனுக்குப் போன் எடுத்துத் தேவையில்லாத பாசமெல்லாம் பேசுவான். அது வெறும் குளிர்பானம் இல்லை என்பதற்கு அந்தப் பாசமே சாட்சி.

சுதர்சினி ஆறு போத்தலைப் பெரிய சட்டியில் ஊற்றினாள். அடுப்பை நன்றாகக் குறைத்து வைத்தாள். சூட்டில் மதுசாரம் ஆவியாகிவிடும் என்று எட்டாம் வகுப்புக்கு அவளே படிப்பித்திருக்கிறாள். நுரை அடங்கியது. கூட்டி எரித்தால் காறும், ருசி கெடும் என்று அடுப்புத் திருகைத் தொடவில்லை. பன்னிரண்டு நிமிடம். நாக்கில் வைத்துப் பார்த்தாள். சீறல் இல்லை, இஞ்சி மட்டும்தான் தெரிந்தது. சீனி போட்டாள், சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினாள், தேசிக்காய் பிழிந்தாள். ஆறேகாலுக்கு மதிலுக்கு மேலால் கொடுத்தும்விட்டாள். தயங்கினாளா என்றால், இல்லை. அதுதான் பின்னால் அவளை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை ரபீகா மதிலடியில் நின்று சிரித்தாள்.

"டீச்சர், இந்த முறை என்னத்தப் போட்டீங்க? மாமா மூணு கிளாஸ் குடிச்சாரு. முழங்கால் நோவு லேசாகிட்டுதாம். இருபத்தேழாம் நோன்புக்கும் வேணுமாம்!"

மாமா என்றால் பளீல் ஹாஜியார், ரபீகாவின் மாமனார். வயது எண்பத்திரண்டு. பள்ளிவாசலில் முதல் வரிசையில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. சுதர்சினி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே வந்தாள்.

நிரஞ்சன் வேலைக்குப் போக சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் யாருக்கோ நடந்த மாதிரி கேட்டாள்.

"என்னங்க, உங்க இஞ்சி பியர சூடாக்குனா அல்கஹோல் போயிருமில்ல?"

"எவ்வளவு நேரம்?"

"பத்து, பன்னெண்டு நிமிஷம். நெருப்பக் கொறச்சு வச்சு."

"அந்த நெருப்புல எங்க போகப் போகுது? பாதிக்கு மேல அப்படியே கெடக்கும். நல்லாக் கொதிக்க விட்டாலும் முழுசாப் போவாது." பொத்தான் போட்ட கை நின்றது. "கீழ ஆறு போத்தலக் காணோமே. சுதா, யாருக்குக் குடுத்த?"

அவள் மதில் பக்கம் பார்த்தாள். அவனுக்கு விளங்கிவிட்டது. "அடப்பாவி" என்று மட்டும் சொன்னான். பிறகு தானே பயந்துபோய், "சொல்லாத. யாருக்குத் தெரியப் போகுது? சொல்லி அவுங்க மனசையும் கெடுக்காத" என்றான்.

மூன்று நாள் சொல்லவில்லை. மூன்று நாளும் கஞ்சி வந்தது. கோழி இறைச்சி போட்டு, ரம்பை இலை மணக்க, மேலே பொரித்த வெங்காயம் தூவி வந்தது. அவள் யாரும் பார்க்காமல் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, அதற்கும் சேர்த்து அழுதாள். பதினோரு வருஷத்தில் ரபீகா ஒருநாளாவது அந்தத் தூக்குச்சட்டியில் மாட்டிறைச்சிக் கஞ்சி தந்திருப்பாளா? இவள் சாப்பிட மாட்டாள் என்று கோழி போட்டுத் தனியாகக் காய்ச்சி அல்லவா அனுப்புகிறாள். அவள் எனக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தாள், நான் அவளுக்கு இப்படிச் செய்தேனே என்று நினைத்துக்கொண்டே தூக்குச்சட்டியைக் கழுவினாள்.

நாலாம் நாள் முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த சேலையோடு ரபீகாவின் குசினிக்குப் போனாள். அங்கே ரபீகா கஞ்சிச் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, அன்னைக்குத் தந்தது என்னோடது இல்ல." தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பஸ் நின்றது, போத்தல், ஈஸ்ட், பன்னிரண்டு நிமிடம், நிரஞ்சன் சொன்ன கணக்கு, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி.

ரபீகா அகப்பையைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"தெரியாமக் குடிச்சா எங்களுக்குக் குத்தமில்ல டீச்சர். அல்லாஹ் மன்னிப்பான்" என்றாள் மெதுவாக. சுதர்சினி கையெடுத்துக் கும்பிடப் போனாள். ரபீகா முடிக்கவில்லை. "ஆனா இப்ப எனக்குத் தெரியும். மாமா இந்த வயசு வரைக்கும் ஒரு சொட்டு வாயில வெச்சவரில்ல. அவருக்கிட்ட விஷயத்தச் செல்லவா? செல்லாம இருக்கவா? அந்தப் பதினஞ்சு பேருக்கும் போன் எடுக்கவா? நீங்க இங்க வந்து எறக்கி வெச்சிட்டீங்க. நான் யாருக்கிட்டப் போய்ச் செல்ல?"

சுதர்சினிக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று தோன்றவே இல்லை. குற்றத்தைச் சொல்வது பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் அவள்.

உள் அறையிலிருந்து ஹாஜியாரின் குரல் கேட்டது.

"யாரு, டீச்சரா வந்திருக்கிறது? மகள், அந்த இஞ்சித் தண்ணி கொண்டு வந்தாவா?"

ரபீகா சுவரைப் பார்த்தாள். உதடு நோன்பில் வெடித்துக் காய்ந்திருந்தது. காலையிலிருந்து எச்சிலைத் தவிர வேறொன்றும் இறங்காத வாய்.

"இல்ல மாமா" என்றாள் உரத்து. "டவுன்ல நல்ல இஞ்சி கெடைக்கல்லயாம். இந்த வருஷம் இனிச் செய்ய மாட்டாவாம்."

"ஆ, பரவால்ல, பரவால்ல. டீச்சருக்கு நான் அல்லாஹ்க்கிட்ட துஆ கேட்டேன்டு செல்லுங்க" என்றார் அவர்.

ரபீகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். சுதர்சினி அவளைப் பதினோரு வருஷமாக அறிவாள். அந்த வாய் பொய் சொல்லி அன்றுதான் கேட்டாள், அதுவும் நோன்பு பிடித்துக்கொண்டு.