முப்பத்தொன்பது முடிச்சு

காலையிலிருந்து மூன்றாவது முறையாக நிகோரா கதவைத் திறந்துகொண்டு போய் மழையில் நின்றாள். சவ்ரினிசோ மூன்றாவது முறையாக ஓடிப்போய்த் தூக்கி வந்து, தலையைத் துவட்டி, காய்ந்த காலுறை மாட்டிவிட்டாள். வீட்டிலிருந்த கடைசிக் காய்ந்த காலுறை அது. ஐந்து வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு மழைநாளில் எத்தனை சோடி காலுறை வேண்டும் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும்.

"அப்பா வந்தா கதவைத் தட்டமாட்டாரா? நீ எதுக்குடி அங்க போய் நிக்கிற?"

"நான் நிக்கலைன்னா வீடு தெரியாம அவரு நேரா போயிடுவாரு."

"அவரு பொறந்த வீடே இதுதான்."

நிகோரா அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா தவ்லத் வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு இரண்டு வயது. ரஷ்யாவின் வடகோடியில் ஒரு துறைமுக ஊர், அங்கே மீன் குளிர்கிடங்கில் வேலை. மூன்று வருடம் கழித்து இன்றைக்குத்தான் வருகிறான். தலைநகர் துஷன்பேயில் விமானம் இறங்கி, ஆள் சேர்த்து ஏற்றும் பங்கு வண்டி பிடித்து, மலைச் சுரங்கப்பாதையைத் தாண்டிவிட்டேன் என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ராத்திரியே மின்சாரம் போய்விட்டதால் தொலைக்காட்சி செத்துக் கிடந்தது. கைப்பேசியில் நான்கு சதவீதம்தான் மிச்சம். அதைச் சட்டைப்பையில் போட்டு, மகளின் கைக்கு எட்டாமல் காத்துவந்தாள் சவ்ரினிசோ.

மழை அவளுக்குப் புதிதல்ல. சித்திரையில் இந்தப் பள்ளத்தாக்கில் பெய்யாத மழையா. அவளுடைய பயம் வேறு. போன வருடம் ஆற்றோரத் தெருக்காரன் ஒருவன் இப்படித்தான் நான்கு வருடம் கழித்து வந்தான். பெற்ற மகன் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அந்த மாமாவைப் போகச் சொல்லு என்று மூன்று நாள் கத்தினான். தகப்பன் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுததை ஊரே பேசியது.

நிகோராவுக்குத் தகப்பன் என்றால் கைப்பேசியில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு முகம், அப்புறம் சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தில் நெற்றி முழுக்கச் சுருட்டை முடி விழுந்த ஒரு முகம். ஜூலை மாதத்தில்கூடவா தொப்பி என்று சவ்ரினிசோ ஒருமுறை கேட்டதற்கு, கிடங்குக்குள்ளே பன்னிரண்டு மாதமும் ஜனவரிதான் என்று சிரித்து மழுப்பினான் அவன். இந்த இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிள்ளை யாரை எதிர்பார்த்து வைத்திருக்கிறாளோ. வந்து நிற்பவனைப் பார்த்து அவள் ஓடி ஒளிந்தால் அந்த மனுஷன் உடைந்துபோய்விடுவான்.

ஆனால் பிள்ளைக்கு முன்னால் முகத்தைத் தொங்கப்போட முடியுமா. கூரை இரண்டு இடத்தில் ஒழுகத் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. தேநீர்க் கிண்ணம், அலுமினியச் சட்டி, செம்புத் தட்டு என்று மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, எது எப்படிச் சத்தம் போடுகிறது என்று இருவரும் கேட்டார்கள். கிண்ணம் பாடுகிறது, சட்டி திட்டுகிறது என்று நிகோரா தீர்ப்புச் சொன்னாள். அது அரைமணி நேரம் தாங்கியது.

அடுத்தது மாவு. ரொட்டிக்குப் பிசைந்ததில் ஒரு பிடி கிள்ளிக் கொடுத்தாள். நிகோரா அதில் ஒரு கழுதை செய்தாள், கழுதைக்கு ஐந்து கால் வைத்தாள், பிறகு அதைத் தரையில் நடக்கவிட்டாள். கழுதை சாம்பல் நிறமானது. கழுதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் ஆப்ரிகாட் கொட்டைகளைக் கைக்குள் மறைத்து ஒற்றையா இரட்டையா. அதில் நிகோரா கள்ளாட்டம் ஆடினாள், அம்மா தோற்றுக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளின் மேல் ஏறிக் குதிரைச் சவாரி. மேலே இருந்தபடியே அவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா எத்தனை நாளு இருப்பாரு?"

"ஒன்றரை மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் வந்த ரோட்டுலயே திரும்பிப் போவாரு. வேலை இருக்குல்ல."

குதிரை நின்றுவிட்டது. நிகோரா இறங்கி வந்து மறுபடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். ஏன் உண்மையைச் சொன்னோம் என்று சவ்ரினிசோ தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மவ்லூதா தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். அறுபது வயது, எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத தொண்டை.

"சவ்ரி, சேதி தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் மலை சரிஞ்சு ரோட்டுல கிடக்காம். முப்பது வண்டி வரிசையா நிக்குதாம். மழை விட்டாத்தான் மண்ணு வாருற எந்திரம் வரும், அப்பத்தான் ரோடு திறக்கும்."

"ஆளுக்கெல்லாம் ஒண்ணுமில்லையே அக்கா?"

"ஆளெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. வண்டிக்குள்ள உட்கார்ந்து ஓட்டுநரைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க, பொழுது போகணுமில்ல. எனக்கு ஒரு தேநீர் ஊத்து."

போன உயிர் திரும்பி வந்தது சவ்ரினிசோவுக்கு. நிகோராவுக்கோ உதடு பிதுங்கத் தொடங்கியது. மவ்லூதா அதைப் பார்த்துவிட்டாள்.

"எதுக்குடி அழுவுற? மழையை நிறுத்தத் தெரியாதா உனக்கு? இவ்வளவு பெரிய பொண்ணா வளர்ந்திருக்க. நாப்பது வழுக்கைத் தலையன் பேரைச் சொல்லி, நூல்ல நாப்பது முடிச்சுப் போட்டு மரத்துல கட்டினா எப்பேர்ப்பட்ட மழையும் நிக்கும். உங்கம்மாவும் சின்ன வயசுல கட்டியிருக்கா, கேளு."

சவ்ரினிசோ கட்டியிருக்கிறாள். அன்றைக்கு மழை நின்றதா என்பது நினைவில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க அழாமல், அடம்பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் பிரித்து, நீளமாக ஒரு சிவப்பு நூலை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள்.

"முதல் முடிச்சு எங்க வீட்டு ஆளுக்குப் போடு," என்றாள் மவ்லூதா. "பேரை நான் சொல்லமாட்டேன், புருஷன் பேரு. நீயே சொல்லு."

"குர்போன் தாத்தா."

"அவரேதான். அவரு தலையில ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும். நல்லா இறுக்கிப் போடு."

நிகோரா நாக்கைத் துருத்திக்கொண்டு முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சுக்கு இரண்டு நிமிடம் ஆனது. ரொட்டி சுடுகிறவர் ஒன்று. வேதியியல் வாத்தியார் ஒன்று. மாவுமில் அண்ணன் தம்பி இருவரும், ஆளுக்கு ஒன்று. பிறகு முடிதிருத்துகிறவர்.

"ஊரு தலைக்கெல்லாம் கத்தரி போடுறாரு, அவரு தலையில ஒண்ணுமில்லையா?" என்று நிகோரா ஆச்சரியப்பட்டாள்.

"அதனாலதான் நம்ம தலையில இருக்கிறதைப் பாத்தா அவருக்குப் பொறுக்கல, எல்லாத்தையும் வெட்டுறாரு," என்றாள் மவ்லூதா.

பதினைந்தாவது முடிச்சில் தகராறு வந்தது. மல்யுத்தக்காரன் ஷம்சியைச் சேர்க்கலாம் என்றாள் சவ்ரினிசோ. கூடவே கூடாது என்றாள் மவ்லூதா. அவன் சவரம் செய்து மொட்டை போட்டவன். மொட்டை வேறு, வழுக்கை வேறு. தானாகக் கொட்டியிருக்கவேண்டும், அதுதான் முறை. நிகோரா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளே சொன்ன ஒரு கைக்குழந்தையும் அந்த முறைப்படி அடிபட்டுப் போயிற்று, அதற்கு இனிமேல்தான் முளைக்கவேண்டும். செத்துப்போன தபால்காரரைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது, மழை உயிரோடிருக்கிற தலையில்தான் விழும் என்று மவ்லூதா அடித்துச் சொல்லிவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு தன் மாடுகளைப் பார்க்கக் கிளம்பினாள்.

அம்மாவும் மகளும் தெருத்தெருவாகப் போனார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. கடைத்தெருவில் யார், ஆற்றோரத்தில் யார், பள்ளிக்கூடத்தில் யார். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை வந்தது. சிரித்துச் சிரித்து சவ்ரினிசோவுக்கு விலா வலித்தது. இடையில் அடுப்பு மூட்டி, உப்புப் பால் தேநீரில் ரொட்டி பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் முடிச்சு முப்பத்தொன்பது ஆனது. அதற்குமேல் ஊரில் வழுக்கை இல்லை.

"ரொட்டிக்காரரை இன்னொரு தடவை போட்டுக்கலாம். அவருக்குப் பெரிய தலைதானே," என்றாள் சவ்ரினிசோ.

"மழைக்குத் தெரிஞ்சிரும்மா."

"அப்ப நாளைக்குக் கண்டுபிடிப்போம்."

"ஒண்ணே ஒண்ணுதான் குறையுது," என்று நிகோரா நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

மவ்லூதா தட்டமாட்டாள், நேராக உள்ளே வந்துவிடுவாள். சவ்ரினிசோ கதவைத் திறந்தாள். தொடைவரை சேறு அப்பிய ஒரு ஆள், தோளில் பை, தலையில் நனைந்து ஊறிய கம்பளித் தொப்பி. மூன்று வருடத்துக்கு முன்னால் எப்படிச் சிரித்தானோ அப்படியே சிரித்தான்.

"வண்டி வராது. சரிவு மேலயே ஏறி நடந்து வந்துட்டேன்," என்றான் தவ்லத்.

"கால் கீல் வழுக்கியிருந்தா என்ன ஆகறது?" என்று அவள் திட்டினாள். திட்டும்போதே கண் நிறைந்துவிட்டது. பையை வாங்கி வைத்தாள், துண்டை எடுத்தாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதையே திரும்ப மடித்தாள்.

நிகோரா அம்மாவின் பாவாடையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். காலையிலிருந்து இவனுக்காக மழையில் போய் நின்ற பிள்ளை, இப்போது மூச்சுக்கூட விடாமல் சுவரில் இருந்த சுருட்டை முடிக்காரனையும் கதவில் நின்றவனையும் மாறிமாறிப் பார்த்தாள். தவ்லத் குந்தி உட்கார்ந்தான். கை நீட்டினான். அவள் ஒரு அடி பின்வாங்கினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். ஆற்றோரத் தெருவின் மாவு மூட்டை சவ்ரினிசோவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்க, தண்ணி சொட்டுது," என்றாள், எதையாவது பேசவேண்டுமே என்று.

"இருக்கட்டும்."

"சளி பிடிக்கும். கழட்டுங்கன்னா."

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கழற்றினான். விளக்கு வெளிச்சத்தில் தலை பளபளத்தது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் நாலு முடி, அவ்வளவுதான்.

"ரெண்டு வருஷமா கொட்டிக்கிட்டே இருந்தது," என்றான் மெல்ல. "போன்ல சொல்லக் கூச்சமா இருந்தது. போட்டோவப் பாத்துப் பழகின பிள்ளை, பயந்துருமோன்னு."

சவ்ரினிசோ முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாவாடையைப் பிடித்திருந்த கை விட்டது. நிகோரா முன்னால் வந்தாள். அவனுடைய தலையை ஒரு விரலால் தொட்டாள், பிறகு உள்ளங்கையால் தடவினாள். அவன் அசையாமல் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"சவரம் பண்ணினதா, தானா கொட்டினதா?"

"தானா கொட்டினதுதாம்மா."

அவள் ஓடிப்போய்ச் சிவப்பு நூலை எடுத்து வந்தாள். நுனியைப் பிடித்து வளையம்கூடப் போட்டுவிட்டாள். அதற்குள் விரலை நுழைத்தவள் அப்படியே நின்றாள். கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்தாள். கிண்ணம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"அம்மா, மழை விட்டா ரோடு திறந்துரும்ல?"

"ஆமாடி. மண்ணை வாரிருவாங்க."

"வண்டியெல்லாம் போகும்ல?"

"போகும்."

நிகோரா வளையத்திலிருந்து விரலை எடுத்தாள். நூலைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டாள். தரையில் கிடந்த ஈரத் தொப்பியை எடுத்து, அவன் தலையில் கவிழ்த்து, இரண்டு கையாலும் காது மறையும்வரை கீழே இழுத்துவிட்டாள்.

"அப்பா, இதைக் கழட்டாதீங்க," என்றாள். "மழைக்குத் தெரியக்கூடாது."

தவ்லத் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல். சவ்ரினிசோவுக்குப் புரிந்தது. அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள். நிகோரா தகப்பனின் மடியில் ஏறி உட்கார்ந்து, தொப்பி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் தேநீர் குடித்தது அந்த ஈரத் தொப்பியோடுதான்.