இருபத்தெட்டு அங்குல இடுப்புப்பட்டி

1

இந்தக் கதை ஓர் அளவு நாடாவில் பிறந்தது. அதைவிடப் பெரிய பிறப்பு ரகசியம் இதற்குக் கிடையாது. நானும் எழுதுவேன், தைப்பேன்; இரண்டிலும் பிரிக்கிற வேலைதான் அதிகம். இப்போது அரங்கில் உட்கார்ந்து எழுதுவது நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில்.

'மாலை வெயிலில் அந்தப் பாவாடை...' (வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

2

நேராகவே சொல்கிறேன். பதினாறு வருடம் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிய அக்காவுக்கு இன்று முதல் தனிப்பாட்டு.

"கடையில எதுவும் அமையலடி. நீயே ஒரு பாவாடை தைச்சுக் கொடு. இடுப்பு கச்சிதமா இருக்கணும். உனக்கு நேர்த் தையல் வராது, பார்த்துத் தை" என்றாள்.

நாடாவைச் சுற்றினேன். அக்கா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு?"

"இருபத்தெட்டு."

"நான்தான் சொன்னேனே! கல்யாணத்தப்போ இருந்த அதே இடுப்பு!"

இந்த இடத்தில் 'அக்கா மூச்சைப் பிடித்ததைத் தங்கை கவனிக்கவில்லை' என்று எழுதி, அடித்துவிட்டேன். கவனித்தாள். நன்றாகவே கவனித்தாள். நேர்த் தையல் வராதாமே! வாயைத் திறக்காமல் இருபத்தெட்டுக்குப் பட்டி வெட்டினாள். ('தங்கை' என்று எழுதினால் குற்றம் பாதியாகும் என்று ஒரு நப்பாசை.)

3

பட்டி அழகாக உட்கார்ந்தது. கண்ணாடி முன் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பரவால்லையே, கை தேறிடுச்சு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நிற்கலாம், நடக்கலாம், ஆனால் பாடுகிறவள் மூச்சு இழுக்க வேண்டுமே!

முடிவு ஒன்று: உச்ச வரியில் கொக்கி தெறித்து முன்வரிசைக்காரர் மடியில் விழுகிறது. (அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: வயிற்றை எக்கியபடியே பாடுகிறாள், பாதி வரியில் குரல்... இல்லை. பதினாறு வருடம் காத்திருந்தவளுக்கு இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

4

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பட்டியின் நுனியில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். ஒரு வரிசைத் தையலைப் பிரித்து, கொக்கியைத் தள்ளி வைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த மடிப்பைப் பார்த்ததும் கேட்பாள்: "அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

கைப்பையில் கத்தரியும் ஊசிநூலும் இருக்கின்றன. மேடைக்குப் பின்னால் போகிற கதவு எட்டடி தூரம். எழுதத் தொடங்கியபோது திரை எழப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இப்போது ஆறு. இனி எழுதுகிற ஒவ்வொரு வரியும் சாக்குதான்.

அவள் என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பேனாவைக் கொஞ்சம் பிடியுங்கள். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.